மக்கள் நலன் கருதிப் பகிர்பவர்

நம் மலையில் யானை எத்தனை, வரையாடு எத்தனை என்று வனத்துறை கணக்கெடுக்கிறது. மலைக்குக் கீழே அதைவிட வேகமாகப் பெருகிவரும் ஓர் இனத்தை இதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்தவர் வியாபாரத்தைத் தன் செல்போனில் தூக்கிச் சுமக்கும் இனம் அது. உங்கள் போனிலும் நாலு பேர் இருப்பார்கள். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்பே, வடகரையில் புதிதாகத் திறந்த பல் மருத்துவமனையை ஸ்டேட்டஸில் வைப்பவர்தான் அவர்.

இலஞ்சி இசக்கிப்பாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவர். அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஜேசிபி வாடகைக்கு விடுகிறவரின் எண்ணை வாரம் இரண்டு முறை பகிர்வார். தலையில் முடி கிடையாது; சலூன் ஆடித் தள்ளுபடியை முதலில் ஊருக்குச் சொல்பவர் அவர்தான். எதைப் பகிர்ந்தாலும் மேலே ஒரே வரி: ‘வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.’ இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டி வாடகை விளம்பரத்துக்கும் அதே வரியைப் போட்டார். பெரியப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று. குடும்பக் குழுவில். பெரியப்பா பிழைத்து வந்து, முதல் வேலையாகக் குழுவை விட்டு வெளியேறினார்.

எதற்காக இப்படி? கமிஷனா? காலணா கிடையாது. அந்தக் கடைகளில் எதையாவது வாங்கியிருக்கிறாரா? ஒரு கடையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. விளம்பரத்தைப் படித்தாவது பார்த்தாரா? படித்துக்கொண்டிருந்தால் அடுத்ததை யார் அனுப்புவது?

உண்மையான காரணம் இதுதான். என்றாவது ஒருநாள் யாராவது ஒருவர் வழியில் நிறுத்தி, “நீங்க சொல்லித்தாம் அண்ணாச்சி வந்தோம்” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ஐந்து வருடமாகக் கட்டைவிரல் தேயப் பகிர்ந்துகொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் அவர் தங்கை உலகம்மாள் கடை போட்டாள். எட்டு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். உட்கார்ந்தால் முதலாளி முறைப்பார். சொந்தக் கடையில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற ஆசையில் வேலையை விட்டுவிட்டு, குற்றாலம் மெயினருவிக்குப் போகும் வழியில் நேந்திரம் சிப்ஸ் கடை பிடித்தாள். சரக்குக்கு முன்பே ஒரு சுழல் நாற்காலி வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குத் திறப்பு. நாற்பது கிலோ சிப்ஸ். சாரல் காற்றில் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும். அன்றைக்கே விற்றாகவேண்டும்.

“அண்ணே, ஊர்ல உள்ள கடையெல்லாம் போடுதியே, என் கடையையும் போடு.”

“ஏட்டி, உனக்குப் போடாம வேற யாருக்குப் போடப்போறேன்?”

வெறும் சிப்ஸ் படத்தில் ஒரு கம்பீரம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தேடினார். என்றோ எடுத்த ஒரு வீடியோ கிடைத்தது. மெயினருவியில் வெள்ளம் செம்மண் நிறத்தில் பாய்ந்து, பாதுகாப்பு வளைவே தெரியாமல் மூடி உறுமுகிறது. அதன் கீழே கடையின் பெயரை ஒட்டி நாற்பத்தேழு குழுக்களில் போட்டார்.

வீடியோ பறந்தது. மூன்றாவது கை மாறும்போது கடையின் பெயர் கழன்று விழுந்தது. ஐந்தாவது கையில் யாரோ ‘குற்றாலத்தில் குளிக்கத் தடை’ என்று எழுதினார். எட்டாவது கையில் ‘யாரும் வரவேண்டாம்’ சேர்ந்தது.

ஞாயிறு காலை கடை திறந்தது. அருவியில் தண்ணீர் அளவாக, அழகாக விழுந்தது. தடையும் இல்லை, கூட்டமும் இல்லை. பத்து மணிவரை வந்தது ஒரு குரங்கு மட்டும். அதுவும் காசு தரவில்லை.

பக்கத்தில் துண்டும் சோப்பும் விற்கும் ஹாஜரா பீவி ரோட்டை எட்டிப் பார்த்தாள். “என்னட்டி இது, சீசன் ஞாயித்துக்கிழமை இப்படி ஈயாடுது?”

உலகம்மாள் சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினாள். “எட்டு வருசம் நின்னேன்க்கா. இன்னைக்கு உக்காந்துகிட்டே இருக்கேன்.”

அந்த நேரத்தில், கடை வாசலில் நின்றிருந்த இசக்கிப்பாண்டியின் போன் சிணுங்கியது. எங்கோ ஒரு குழுவிலிருந்து வெள்ள வீடியோ. குளிக்கத் தடை, யாரும் வரவேண்டாம். அவர் பதறிப்போனார். அருவி அவருக்குப் பின்னால் இருநூறு அடியில் சமர்த்தாக விழுந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாரா? இல்லை. ‘மக்கள் நலன் கருதி’ என்று மேலே எழுதி, நாற்பத்தேழு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, கடமையை முடித்த திருப்தியில் நிமிர்ந்தார்.

உலகம்மாளின் போன் சிணுங்கியது. பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அருவியைப் பார்த்தாள்.

“அண்ணே, இது நீ என் கடைக்குப் போட்ட வீடியோதான?”

“ஆமா... அட, ஆமாட்டி!”

“என் கடைக்கு யாரும் வரவேண்டாம்னு என் கடையில நின்னுகிட்டே அனுப்புதியே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?”

ஹாஜரா பீவி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உலகம்மாள் அண்ணனின் போனைப் பிடுங்கிக் கல்லாவில் போட்டுப் பூட்டினாள். ஒரு தட்டு நிறையச் சிப்ஸை அவர் கையில் திணித்தாள். “தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போ. வாயால ஷேர் பண்ணு.”

போனார். முதல் பத்து நிமிடம் தட்டோடு பஸ்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். லைக் விழாத இடத்தில் எப்படிப் பேசுவது? பிறகு தங்கையின் நாற்காலி நினைவுக்கு வர, தொண்டையைத் திறந்தார். “தடை இல்ல! மெயினருவில தண்ணி அளவாத்தான் விழுது! வாங்க! குளிச்சிட்டு வந்தா வழியிலேயே உலகம்மா கடை, சூடா சிப்ஸ்!”

மதுரையிலிருந்து வந்து ஊருக்கே திரும்பவிருந்த ஒரு வேன் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார். “தடைன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?”

“அதெல்லாம் இல்ல. நான் அங்கனருந்துதான் வருதேன்.”

“அப்ப யாருங்க அதை அனுப்புனது?”

இசக்கிப்பாண்டி ஒரு சிப்ஸை எடுத்து மெதுவாகக் கடித்தார். “எவனோ கோட்டிக்காரப் பய அண்ணாச்சி.”

வேன் போயிற்று. பின்னால் இன்னொன்று. அப்புறம் இரண்டு பஸ் நிறைய ஆட்கள். சாயங்காலம் அவர் கடைக்குத் திரும்பியபோது நாற்பது கிலோவில் மிஞ்சியிருந்தது நாலு கிலோதான். உலகம்மாளுக்கு நாற்காலியில் உட்கார நேரமில்லை. அதில் ஈரத் துண்டோடு மதுரைக் குழந்தை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வேன் டிரைவர் இசக்கிப்பாண்டியின் தோளைத் தட்டினார்.

“நீங்க சொல்லித்தாங்க வந்தோம்.”

ஐந்து வருடம் காத்திருந்த வாக்கியம். அதை வீடியோ எடுக்கலாம் என்று சட்டைப்பையில் கைவிட்டார். போன் கல்லாவுக்குள் இருந்தது.

திருந்தினாரா? உலகம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நிமிடம், இலத்தூரில் ஒரு கார் ஓட்டும் பள்ளி ஸ்டேட்டஸில் ஏறியது. அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். இதை அப்படியே நாலு பேருக்கு அனுப்பலாம் என்று கட்டைவிரல் கிளம்பியிருக்குமே? அனுப்புங்கள், நல்லது. அதற்கு முன் ஒரே கேள்வி. உலகம்மாள் கடை எத்தனை மணிக்குத் திறந்தாள்?

மேலே போய்ப் பார்க்கக்கூடாது.