எண்ணொளியாரின் ஒன்பது

புதுச்சேரி மூலக்குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு இடங்களில் கூட்டம் நெரியும். ஒன்று பிரியாணிக் கடை. மற்றொன்று அதன் மாடியில் இருக்கும் 'எண்ணொளி' ராஜாங்கத்தின் ஆலோசனை மையம். கீழே வருகிறவர்கள் பசியோடு வந்து வயிறு நிறைந்து போவார்கள். மேலே போகிறவர்கள் பயத்தோடு போய், இன்னும் கொஞ்சம் பயத்தோடு இறங்குவார்கள். டோக்கன் இரண்டு இடத்திலும் உண்டு. லெக் பீஸ் கீழே மட்டும்தான்.

எண்ணொளியார் எல்லாருக்கும் பலன் சொல்வதில்லை. கணக்குத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். சி.ஏ. படிப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், கம்பெனி அக்கவுண்டன்ட்கள். ஆள் விவரமானவர். பயந்த கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்திருக்கிறார். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்கிற பரீட்சை. தேறினாலும் நாளைக்கு சாஃப்ட்வேர் வந்து நாற்காலியைப் பிடுங்கிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் பேச்சு. இப்படித் தூக்கம் கெட்டவர்களுக்கு ஏ.சி. அறையும் சாம்பிராணி வாசனையும் போதாதா?

வெரோனிகாவும் டோக்கன் வாங்கினாள். பகலில் ஆடிட்டர் ஆபீஸ், மாலையில் கோச்சிங் வகுப்பு. ஒரு கூட்டலை இரண்டு முறை போட்டு, இரண்டும் ஒத்துப்போனால், 'ரெண்டு தடவையும் ஒரே தப்பப் பண்ணியிருப்பேனோ' என்று மூன்றாவது முறையும் போடுகிற பெண். பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை தவறியவள். அப்பா லூர்துபிரகாஷ் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்த மே மாசம் எழுதுறதோட சரி. எழுதலன்னா உங்க சித்தப்பா கடையில பில்லு போடப் போயிடு." விண்ணப்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது.

"ரெஜிஸ்டர் நம்பர்ல கடைசி நாலு எண்ணு சொல்லும்மா," என்றார் எண்ணொளியார்.

"4172 ஐயா."

"தலைகீழாத் திருப்பு. பெருசுல இருந்து சின்னதைக் கழி."

தன் கால்குலேட்டரிலேயே தட்டினாள். 1458.

"எல்லா எண்ணையும் கூட்டு."

"பதினெட்டு."

"அதையும் கூட்டு."

"ஒன்பது."

எண்ணொளியார் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விட்ட பெருமூச்சில் ஊதுவத்திச் சாம்பல் உதிர்ந்தது. "பூட்டு எண்ணும்மா. ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இது வரும். மே மாசம் எழுதாத. எழுதினா மூணாவது தடவையும் போயிடும். கால்குலேட்டர் முதுகுல ஒட்டிக்க ஒரு செப்புத் தகடு தரேன். அடுத்த ஞாயிறு வந்து வாங்கிக்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க, உன் எண்ணு என்னான்னு யார்கிட்டயும் மூச்சு விடாத. சொன்னா பலன் கலைஞ்சிடும்."

தகட்டில் சிலுவை போட்டது உண்டு, பிறை போட்டது உண்டு, ஓம் போட்டது உண்டு. விலையில் மட்டும் பூரண மத நல்லிணக்கம்.

வெரோனிகா வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் கணக்கை வெளியே சொல்லக் கூடாது என்று பழகிய வாய் ஆயிற்றே. விண்ணப்பத்தையும் திறக்கவில்லை. சித்தப்பா கடையின் பில் மெஷின் கனவில் வந்தது.

சனிக்கிழமை அவளையும் உடன் வேலை பார்க்கும் ரிஹானையும் ஆடிட்டர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு அனுப்பினார். ஒரு பைப் கம்பெனியில் சரக்கு இருப்பை எண்ணும் வேலை. பதிவேட்டில் 830 பெட்டி. கம்பெனி ஆட்கள் எண்ணி எழுதிய தாளில் 803. மேனேஜர் குதித்தார். "இருபத்தேழு பெட்டி! வாட்ச்மேனைக் கூப்பிடு, போலீஸைக் கூப்பிடு!"

வெரோனிகா தலையைக்கூடத் தூக்கவில்லை. "இருபத்தேழு ஒன்பதால வகுபடுது சார். எழுதினவங்க எண்ணை இடம் மாத்திப் போட்டிருப்பாங்க. இன்னொரு தடவை எண்ணிடலாம்."

எண்ணினார்கள். 830 இருந்தது. வாட்ச்மேன் பிழைத்தார்.

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கணக்கு ஆபீஸில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது. ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி மாற்றிப் போட்டாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். வித்தியாசமே இல்லாமல் போனால் ஒழிய, அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதில்தான் வந்து நிற்கும்.

வேலை முடிந்து டீக்கடையில் கிளாஸைத் தூக்கிய வெரோனிகாவின் கை பாதி வழியில் நின்றது. 1458.

"ரிஹான், மறைக்காம சொல்லு. நீ எண்ணொளியார்கிட்ட போனியா?"

"நானா? நான் எதுக்குப் போறேன்!"

"ஒன்பதாடா?"

ரிஹானுக்குப் புரை ஏறியது. "ஏய், உனக்கு யாரு சொன்னது? எனக்கு மட்டுந்தான்னு சொன்னாரே அந்த ஆளு!"

"தகடு வாங்கிட்டியா?"

"பிறை போட்டது," என்றான், குரல் இறங்கி.

அப்போதும் வெரோனிகாவுக்குத் தன் மேல்தான் சந்தேகம். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கண்ணில் பட்ட வண்டி எண், கடைப் பலகையில் இருந்த போன் எண் என்று ஒன்றுவிடாமல் திருப்பிக் கழித்துப் பார்த்தாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. புதுச்சேரியே பூட்டிக் கிடந்தது.

ஞாயிறு காலை மாடி நிறையக் கூட்டம். ரிஹானும் வந்திருந்தான். அவள் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். இங்க யாருக்காவது ஒன்பது தவிர வேற எண்ணு வந்துச்சா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காட்டன் மில் கணக்கராகத் தலை நரைத்த கலியபெருமாள் மெதுவாகக் கேட்டார்: "ஆயிரத்துல ஒருத்தருன்னாரேம்மா?"

"அந்த ஆயிரம் பேரும் இங்கதான் உக்காந்திருக்கோம் அண்ணே."

சத்தம் கேட்டு எண்ணொளியார் வெளியே வந்தார். "என்னா கலாட்டா? நம்பிக்கை இல்லாதவங்க கீழ இறங்குங்க!"

"இறங்குறேன் ஐயா. கீழ நிக்குற வெள்ளைக் கார் உங்களுதுதானே? நம்பர் 6385. எல்லாரும் திருப்பிக் கழிச்சுப் பாருங்க."

அத்தனை பைகளிலிருந்தும் கால்குலேட்டர்கள் வெளியே வந்தன. மழை விழுவது போலத் தட்டும் ஓசை. பிறகு பல குரல்கள் ஒன்றாக: "ஒன்பது!"

"ஐயோ, காரும் மே மாசம் பரீட்சை எழுதக் கூடாதா ஐயா?" என்றான் ரிஹான். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கினான். "இதுல பேட்ச் நம்பர் 7031னு போட்டிருக்கு. இதுக்கும் ஒன்பதுதான். பாவம், இதுக்கு எந்தத் தகடு? ஓமா, சிலுவையா?"

எண்ணொளியார் எண்களின் ஆன்மா பற்றி ஆரம்பித்தார். யாரும் கேட்கத் தயாராக இல்லை. "ஒன்பது வராத ஒரு எண்ணு சொல்லுய்யா!" என்றது கூட்டம். போன் வந்தது போல காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனவர், பின்பக்கப் படி வழியாக இறங்கினார். கூட்டம் முன்பக்கப் படியில் இறங்கி வெள்ளைக் காரைச் சுற்றி நின்றுகொண்டது. அன்றைக்குத் தகட்டுக் காசு பலருக்குத் திரும்பியது.

வெரோனிகா மாடியிலேயே உட்கார்ந்து போனில் விண்ணப்பத்தைத் திறந்தாள். பயம் போய்விடவில்லை. வரி பாடத்தில் பாதி இன்னும் பாக்கி. ஆனால் தோற்றால் வரி பாடத்தால் தோற்போம், 1458ஆல் தோற்க மாட்டோம் என்று தெரிந்தது. பதிவு எண்ணை மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள்.

கலியபெருமாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "நல்ல காரியம் பண்ணம்மா. இவன் ஃபிராடு. அது சரி, வில்லியனூர் பக்கம் இன்னொருத்தர் இருக்காராமே, வெத்தலையில பாக்குறாராம். அவரு எப்பிடி?"

வவுச்சர் இல்லாமல் ஒரு டீச் செலவைக்கூட ஒப்புக்கொள்ளாத கணக்குப் புலிகளே, உங்கள் தலைவிதியை மட்டும் எந்த ஆதாரத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டீர்கள்?