மில்லுக்கடவுக்குச் சரித்திரம் வந்த விதம்

ஆற்றங்கரையில் இருக்கும் எந்த ஊரும் சரித்திரம் இல்லாமல் இருக்கலாகாது என்பது அரசாங்கத்தின் சமீபத்திய கொள்கை. மலையாள தேசத்தில், கரமனைக்குக் கீழே ஆறு வளைந்து போகும் இடத்தில் இருக்கும் எங்கள் மில்லுக்கடவு இந்த விஷயத்தில் மிகவும் பின்தங்கிய ஊர். ஒரு படித்துறை, ஒரு டீக்கடை, உலகம்மாளின் மாவு மில், இவ்வளவுதான் எங்கள் சொத்து. சரித்திரம் இல்லாமல் இத்தனை காலம் எப்படிப் புட்டு தின்றோம் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உண்மையில் நாங்களாகச் சரித்திரத்தைத் தேடிப் போகவில்லை. உலகம்மாளின் மில் சத்தம் போடுகிறது, தூசி பறக்கிறது, ஆகவே இழுத்து மூடுக என்று ஓர் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. புருஷன் போன பிறகு அந்த மில்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. அழுதுகொண்டே குடியிருப்போர் சங்கத் தலைவர் பஞ்சாபகேசனிடம் போனாள். அவர் கரமனை அக்ரஹாரத்திலிருந்து இங்கே வந்து வீடு கட்டியவர், சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எந்த ஆபீசை எந்த ஆபீசால் அடிக்கலாம் என்பது தெரிந்தவர்.

"வெறும் மில்லா இருந்தா மூடுவா. பாரம்பரிய மில்லுன்னு ஆயிடுத்துன்னா ஒருத்தனாலயும் தொட முடியாது, கேட்டியா? அதுக்குன்னு தனி டிபார்ட்மென்டே இருக்கு. நான் எழுதிப் போடறேன்."

"மில்லு ஓடுனாப் போதும் சாமி" என்றாள் உலகம்மாள்.

பாரம்பரியக் கிராமங்கள் இயக்ககத்திலிருந்து சுஜித் என்ற இளம் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மலையாளி. மக்களோடு மக்களாகப் பழக வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் எங்களிடம் தமிழில் பேசினார்.

"அம்மே, இந்த மில்லு யார் தொடங்கியது?"

"எங்க மாமனாரு சாரே. தென்காசியிலேருந்து மிசினை லாரில ஏத்திக்கிட்டு வந்தாரு."

"ராஜா காலத்திலயோ?"

"ராஜா எங்க சாரே? கரண்டு வந்த பொறவுதானே மில்லு."

சுஜித் வருத்தத்துடன் பேனாவை மூடினார். "இது சரித்திரம் ஆவில்ல அம்மே. இது வெறுதே நடந்தது."

நடந்ததை வைத்துக்கொண்டு சரித்திரம் எழுத முடியாது என்பதால் சங்கம் அவசரமாகக் கூடியது. தன் கொள்ளுத்தாத்தா அரண்மனைச் சமையலுக்கு இந்த மில்லில்தான் அரைத்துக்கொண்டு போனார் என்று பஞ்சாபகேசன் தொடங்கி வைத்தார். டீக்கடை பால்பாண்டி விடுவானா? ராஜா படகில் வந்து இறங்கியபோது அவனுடைய பூட்டன்தான் டீ போட்டுக் கொடுத்தாராம்.

"அந்தக் காலத்துல ஏதுடா டீ?"

"அப்போ மோருன்னு எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொள்ளப்பட்டது. நானும் என் பங்குக்கு ஒரு முன்னோரைக் கொடுத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் இருக்கும்போது எனக்கு மட்டும் இல்லாமல் போவது நன்றாகவா இருக்கும்? அடுத்த வாரமே வீட்டுக்கு வீடு 'ஹெரிட்டேஜ் ஹோம்ஸ்டே' என்று போர்டு தொங்கியது. மிக்ஸியைப் பரண்மேல் ஒளித்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் பழைய ஆட்டுரல் வாங்கி வந்து வாசலில் போட்டோம்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. கரண்டு இல்லாத ராஜா காலத்தில் மில் எப்படி ஓடியது?

"ஆத்தங்கரையில மில் இருந்திருக்கு. ஆறு சும்மாவா இருந்திருக்கும்?" என்றார் பஞ்சாபகேசன்.

அதோடு விவாதம் முடிந்தது. மில்லை அதன் ஆதி நிலைக்கு மீட்டெடுக்குமாறு உத்தரவு வந்தது. தம்பானூர் பக்கம் திருவிழாக்களுக்கு யானை பொம்மை செய்பவரிடம் சொல்லி, மரம் மாதிரி வர்ணம் அடித்த பைபர் நீர்ச்சக்கரம் ஒன்று செய்து சுவரில் பொருத்தினார்கள். ஆறு அதற்கு ஓர் ஆள் உயரம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றை உயர்த்துவதற்குத் திட்ட மதிப்பீட்டில் இடமில்லை.

"அம்மே, உங்களுக்கு மோட்டார் உண்டல்லோ? அதைச் சக்கரத்துக்குக் கொடுக்கலாம்" என்றார் சுஜித்.

"அப்போ மாவை எதுல அரைக்கிறது?"

"சக்கரம் சுத்துது அல்லே? சக்கரம் சுத்தினா மில்லு ஓடுதுன்னுதான் அர்த்தம்."

மோட்டாரைக் கழற்றிச் சக்கரத்தோடு பூட்டினார்கள். சக்கரம் அழகாகச் சுற்றியது. மில் நின்றது. சத்தமும் தூசியும் இல்லாததால் நோட்டீஸ் வாபஸ் ஆயிற்று. இவ்விதமாக உலகம்மாளின் மில் காப்பாற்றப்பட்டது.

திறப்பு விழாவுக்கு இயக்குநரே வந்தார். மில்லின் முதல் மாவில் புட்டு அவித்து விருந்தினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மில் ஓடாதாகையால் கடையிலிருந்து புட்டுப்பொடி பாக்கெட்டுகள் வாங்கி, மாவு விழும் துணிக்குழாய்க்குள் முன்கூட்டியே நிரப்பி முடிச்சுப் போட்டார்கள். இயக்குநர் முடிச்சை அவிழ்த்தால் மாவு கொட்டும்.

உலகம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "சாரே, இதுல கடைசியா அரைச்சது மிளகா வத்தலு. வத்தலுக்குப் பொறவு என் கையால ஒரு பிடி அரிசி ஓட்டிட்டுத்தான் அடுத்தவுங்க மாவையே போடுவேன். குழாயெல்லாம் வத்தப்பொடி ஒட்டிக் கெடக்கு."

மில்லுக்கு வரும் எந்தப் பெண்ணும் பாத்திரத்தை இறக்குவதற்கு முன்னால், "இதுக்கு முன்னாடி என்ன அரைச்சே?" என்றுதான் கேட்பாள். அதிகாரிகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"ஒரு பிடி அரிசி நிகழ்ச்சி நிரலில் இல்ல அம்மே" என்றார் சுஜித்.

முடிச்சு அவிழ்ந்தது. மாவு இளஞ்சிவப்பாகக் கொட்டியது. "செம்பாவு அரிசி!" என்று இயக்குநர் பரவசப்பட்டார். புட்டு வந்ததும் ஒரு வாய் பெரிதாக அள்ளிப் போட்டுக்கொண்டார். முகம் சிவந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பேச்சு வரவில்லை. மேலதிகாரி அழும்போது தான் அழாமல் இருப்பது ஒழுங்கீனம் என்பதால் சுஜித்தும் ஒரு வாய் போட்டுக்கொண்டு அழுதார்.

பஞ்சாபகேசனின் மனைவி வாலாம்பாள் நாக்கில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "ஐயோ, இதுல மொளகாய்..."

பஞ்சாபகேசன் அவள் கையை அழுத்தினார். "வாயை மூடிண்டு அழு. டைரக்டரே அழறார்."

ஊரே அழுதது. உண்மையைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அரண்மனைச் சமையலும், ராஜா குடித்த மோரும், என்னுடைய பெயர் தெரியாத முன்னோரும் அந்தப் புட்டை நம்பியல்லவா இருந்தார்கள்? மறுநாள் பேப்பரில், 'பாரம்பரியத்தின் முன் கண்கலங்கிய இயக்குநர்' என்று படத்தோடு வந்தது. அன்று முதல் மில்லுக்கடவுக் காரப்புட்டு எங்கள் தொன்மையான உணவாயிற்று. சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், தின்கிறார்கள், அழுதுவிட்டுப் போகிறார்கள். நாங்களும் அவர்கள் எதிரில் தின்று காட்டுகிறோம்.

உலகம்மாளுக்குப் 'பாரம்பரிய மில்காரி' என்று பதவி கொடுத்தார்கள். பிறந்தது முதல் உடுத்தாத சரிகைக்கரைக் கசவு முண்டு உடுத்திக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது வேலை. சம்பளத்துக்கான கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளாவது மோட்டாரைத் திருப்பித் தந்தால் அரைத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று கேட்டாள். பாரம்பரிய மில்லில் அரைத்தால் பாரம்பரியம் தேய்ந்துவிடும் என்று பதில் வந்தது. அவளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். அதனால் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

புட்டுக்கும் முறுக்குக்கும் மாவு வேண்டுமே? இப்போது தூக்குவாளியும் கையுமாக பஸ் பிடித்து நேமத்துக்குப் போகிறோம். அங்கே செல்வமணி அண்ணாச்சி மில் வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பாதி மில்லுக்கடவு அங்கே வரிசையில் நின்றது. உலகம்மாளும் வாளியோடு முன்னால் நின்றாள். அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. சுஜித் டேப்பும் காகிதமுமாக இறங்கி, சுவரை அளக்க ஆரம்பித்தார்.

செல்வமணி எங்களிடம் மெதுவாகக் கேட்டார். "நீங்க மில்லுக்கடவுக்காரங்கதானே? இந்தத் திட்டம் எப்படி? கையெழுத்துப் போடலாமா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வேண்டாம் என்று சொன்னால் எங்கள் முன்னோர்கள் ஒரே நாளில் கூண்டோடு செத்துப் போவார்கள்.

"பேஷான திட்டமாக்கும். எங்க ஊரைப் பாருங்கோ, எப்படி இருந்தது எப்படி ஆயிடுத்து!" என்றார் பஞ்சாபகேசன். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம்.

உலகம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாளியை மில்காரர் முன்னால் வைத்தாள். "அண்ணாச்சி, மொதல்ல என் அரிசியை அரைச்சுக் குடுத்துருங்க. பொறவு கையெழுத்துப் போட்டுக்கிடலாம்."

அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் சட்டென்று புரிந்தது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, எங்கள் வாளிகளை அவளுடைய வாளிக்கு முன்னால் தள்ளினோம்.