உங்கள் தங்கையின் நாக்கு இப்போது முப்பத்தெட்டு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி சற்றுத் தணிந்திருக்குமென நம்புகிறேன். இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை, நீங்கள் பஸ் ஏறி அலைய வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் உங்கள் தங்கைக்குப் பேச்சும் விழுங்குவதும் நின்று, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி போவது தாங்கள் அறிந்ததே. போன மாதம் பயிற்சி கொடுக்க வரும் பெண் நாக்கின் பலத்தை அளக்கும் கருவி ஒன்றைத் தந்துவிட்டுப் போனாள். திராட்சை அளவு ரப்பர் குமிழ், அதிலிருந்து மெல்லிய குழாய், மறுமுனையில் எண் காட்டும் சின்னப் பெட்டி. குமிழை நாக்கின் மேல் வைத்து அண்ணத்தோடு அழுத்த வேண்டும். "குழாயைக் கையில இருந்து விடாதீங்க சார், குமிழ் தொண்டைக்குள்ள போயிடும். ஒருத்தர் வாயில வச்சத இன்னொருத்தர் வைக்கவே கூடாது. முப்பத்தஞ்சு தாண்டினாத்தான் வாய்வழியா தண்ணி குடுத்துப் பாக்கலாம். அதுக்கு முன்னாடி குடுத்தா நுரையீரலுக்குப் போயிடும்" என்றாள். அத்தனையையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

உங்கள் தங்கை அழுத்தினாள். பதினொன்று. மறுநாளும் பதினொன்று. முப்பது வருடமாக என்னையும் பால்காரரையும் மாடிவீட்டாரையும் ஒரே மூச்சில் வாங்கு வாங்கென்று வாங்கிய நாக்குக்குப் பதினொன்றா? கருவிதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். கடை கடையாகத் தராசு சோதித்து முத்திரை வைத்த உத்தியோகஸ்தன், ஒரு பெட்டி சொல்வதை அப்படியே நம்பிவிடுவேனா? வீட்டில் இருக்கும் இன்னொரு நாக்கு என்னுடையதுதான். குமிழைக் கழுவி வாயில் வைத்தேன். வைத்த நேரம் பார்த்துத் தும்மல் வந்து, குழாயை விட்டு, குமிழ் தொண்டையில் இறங்கி, கண் பிதுங்கி நாற்காலியோடு சாய்ந்தேன். உங்கள் தங்கைதான் நல்ல கையால் குழாயைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினாள். இழுத்துவிட்டுப் பார்த்தாளே ஒரு பார்வை, அதைச் சிறுவயதிலிருந்தே தாங்கள் அறிவீர்கள். மறுமுறை ஒழுங்காக அழுத்தினேன். கருவியில் பழுதில்லை.

அதன்பிறகு நோட்டில் எண் தினமும் ஏறி, இருபது, இருபத்தொன்பது, இப்போது முப்பத்தெட்டு. பயிற்சிப் பெண் போனில் கேட்டு மகிழ்ந்து, வெள்ளிக்கிழமை வந்து முதல் தம்ளர் தண்ணீரைத் தானே கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத தங்கை கணவன்

பி.கு.: முப்பத்தெட்டு என்னுடையது. அவளுக்கு நேற்று ஒன்பது. அன்று நான் அழுத்தியதும் எண்ணைப் பார்த்தவள், சிலேட்டை எடுத்து, "அத எழுதுங்க" என்று எழுதினாள். மாட்டேன் என்றேன். "நாலு மாசமா ஒரு வாய் தண்ணி இல்ல" என்று எழுதிவிட்டு அழுதாள். சந்தேகம் வராதபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுதியதும் நான்தான். இப்போது போனைத் தொட்டாலே, "சொன்னா உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் அவளைக் கொன்றுவிடும். வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது நீங்கள் உங்கள் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைப் பிடிக்க விடமாட்டாள்.