சல்லடையக்கா லென்ஸ் தேடிய கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சல்லடையக்கா தரம் பிரிக்காத பொருள் எதுவும் கிடையாது. சாமியைக்கூட விட்டுவைத்ததில்லை. "பிள்ளையார் பி.ஓ.பி., கேட்ட உடனே குடுக்கிறாரு. முனியாண்டி ரெண்டாந்தரம், ரொம்பக் கெஞ்ச வைக்கிறாரு" என்று கோயில் வாசலிலேயே நின்று சொல்லுவார்.

வேலைக்காலம் முழுக்கத் தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரில் சல்லடைக்குப் பக்கத்தில் நின்றவர். அங்கே நல்ல தூளுக்குப் பி.ஓ.பி. என்று பெயர், கடைசியில் மிஞ்சுவது கழிவு. உலகத்தில் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிறது என்பது அவர் முடிவு. மழை வந்தாலும் சரி, மருமகள் வந்தாலும் சரி, சலித்துத்தான் எடுப்பார். வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் லயத்தில் நான் அடுத்த காம்பராக்காரி. நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. என்னையும் அவரையும் பக்கத்துப் பக்கத்தில் குடிவைத்தவர் யாரோ, நல்ல குறும்புக்காரர்.

அப்பேர்ப்பட்ட அக்காவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ரோட்டோரம் கிடந்த உர மூட்டையைப் பார்த்து, "என்ன கங்காணி, வேலை நேரத்துல உக்காந்திருக்கீங்க?" என்று அதட்டினார். மூட்டை பதில் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு வாரம் கங்காணியோடு பேசவில்லை.

டவுனில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இதுக்கு மேல விட்டா பார்வையே போயிரும். அடுத்த வாரம் ஒரு கண்ணு செஞ்சிருவோம். உள்ளுக்கு வைக்கிற லென்ஸ்ல தூரம் தெரியிறது இருக்கு, கிட்ட தெரியிறது இருக்கு, ரெண்டும் தெரியிறதும் இருக்கு. யோசிச்சுட்டு வாங்க."

கொழும்பில் இருக்கும் மகன், "நல்லதாப் பாத்து வைங்கம்மா" என்றுவிட்டான். சலிக்காமல் நல்லது எது என்று அக்காவுக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மாவிடம் லென்ஸைக் காட்டச் சொல்லி, கண்ணுக்குக் கிட்டக் கிட்டப் பிடித்துப் பார்த்தாராம்.

"எல்லாம் பருப்புத் தோலு மாதிரி ஒண்ணாத்தான் இருக்கு புள்ள" என்றார் என்னிடம். "தண்ணி ஊத்துனாத்தான் தேயிலை தெரியும். வச்ச ஆளைப் பாத்தாத்தான் லென்ஸு தெரியும்."

எங்கள் தோட்டத்தில் லென்ஸ் வைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோயில் பூசாரி. வெளிநாட்டு மருமகன் தயவில் அவருக்கு ரெண்டும் தெரிகிற லென்ஸ். இன்னொருத்தி நான். ஆஸ்பத்திரியில் எனக்குத் தூரத்துக்கு வைத்தார்கள். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடியும் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன அன்று, "டீச்சரம்மா வாராங்க, வழி விடுங்க" என்று ஒருத்தி சிரித்தாள். அன்றைக்கே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலையுமுன், அக்கா கோயில் முற்றத்தில் எங்கள் இருவரையும் நிறுத்தினார். லயமே வேடிக்கை பார்த்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"முகத்தை மூடுனா லென்ஸு எப்படிப் பாக்கும்? கையை எடு! அந்த முடக்குல வர்ற பஸ்ஸு எங்க போகுது?"

"நோர்வூட்" என்றேன், வாய்க்குள்ளேயே.

"நோர்வூட்டாம்! தூரத்துக்குப் பி.ஓ.பி.!" என்று எனக்காக அக்காவே கத்தினார். பிறகு ஒரு சுளகு அரிசியை என் கையில் கொடுத்தார். "கல்லு பொறுக்கு."

பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. "கல்லே இல்லைங்கக்கா."

அக்கா அரிசியை விரலால் தடவித் தடவி ஒரு பிடி கல்லை எடுத்துக் காட்டினார். திருவிழா அன்னதானத்துக்கு அரிசி பொறுக்கியவள் நான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"அடியாத்தி, என் கடவாய்ப்பல்லு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கவே நேரமானது. நான் நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போயிருப்பேன். முற்றத்துக்குச் சிமெந்து போட்டிருந்தார்கள்.

பூசாரி ஊசியில் நூல் கோத்தார், பஸ் போர்டையும் படித்தார். ஆனால் இருட்டத் தொடங்கிய மசண்டை நேரத்தில் ஒரு வேன் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தது. "வெளக்கச் சுத்தி வளையம் வளையமா வருது தாயே!" என்று கும்பிட்டபடி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு காலை விட்டார்.

"பகலுக்குப் பி.ஓ.பி., இருட்டுக்குக் கழிவு" என்று தீர்ப்புச் சொன்னார் அக்கா.

அதன்பிறகு நான் கோயில் பக்கம் போகவில்லை. பீலிக்கும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அக்கா குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆபரேஷன் அன்று காலையில் அவர் ஒன்றும் நடக்காதது போல் வாசலில் வந்து நின்றார். "கெளம்பு புள்ள, நேரமாகுது." வரமாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வெட்கம். கிளம்பினேன்.

டாக்டரம்மா கேட்டார், "என்னம்மா முடிவு? பெரும்பாலும் எல்லாரும் தூரத்துக்குத்தான் கேப்பாங்க."

"எனக்குக் கிட்டத்துக்கு வைங்க."

"அப்ப தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டி வருமே."

"தூரத்துக்குத்தான் இவ இருக்காளே."

"யாரு, தங்கச்சியா?"

"அடுத்த காம்பரா. இவளுக்குக் கிட்டத்துல ஒண்ணும் தெரியாது டாக்டர். கண்ணாடி குடுத்தாங்க, ஊரு சிரிக்குதுன்னு பெட்டியில வச்சுப் பூட்டிட்டா. இனிமே இவ அரிசிய நான் பொறுக்கிக் குடுக்கணும். இல்லாட்டி இவ வெளியில தலை காட்ட மாட்டா."

கதவு திறந்தே கிடந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா சிரிப்பார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, கிட்டத்துக்கே வைப்போம்" என்றார். எனக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைப்பதற்கும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் புரையோடு அக்கா வெளியே வந்தார். ஒன்றும் தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் நிலையத்தில் நல்ல கூட்டம். "தள்ளுங்க, தள்ளுங்க! எங்க தூரக்கண்ணு வருது!" என்று கூவிக்கொண்டே நடந்தார். அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நான் அக்காவின் கையை விடவில்லை.