ஒடையாத சைக்கிளுக்கு ஒரு வாரண்டி

உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க. பெஞ்சு பத்தலேன்னா அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. தபால்காரரே, பேப்பர மடிங்க. அதுல இருக்கிறது ஊர்ல நடந்தது, நான் சொல்லப்போறது என் வீட்டுல நடந்தது. லாரிக்காரண்ணே, கொட்டாவி முடிஞ்சுதா? அப்ப வாய மூடுங்க. இனிமே இந்த சலூன்ல ரெண்டு சத்தம்தான் கேக்கணும். ஒண்ணு என் கத்திரி. இன்னொண்ணு நான்.

நாற்காலியில இருக்கிறவரப் பத்திக் கவலைப்படாதீங்க. அவரு என் மாமனார். எங்க கூடத்தான் இருக்காரு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவாரு, அதுல மூணு "ம்". இப்ப மூஞ்சி பூரா சோப்பு நுரை வேற. மாமா, தலைய நேரா வைங்க. என் கையில கத்தியும் இருக்கு, கதையும் இருக்கு.

வர்றவங்க எல்லாம் ஒரே கேள்வியத்தான் கேக்குறீங்க. "ஏம்ப்பா, பதினெட்டு வருஷமா எட்டு மணிக்கு முன்னாடி ஷட்டர தூக்காத ஆளு, இப்ப ஏன் ஆறு மணிக்கே கடையத் திறக்குற?" அதுக்குக் காரணம் ஒரு சைக்கிள். சரியாச் சொன்னா, அந்த சைக்கிளோட வந்த ஒரு பேப்பர்.

என் வீட்டுக்காரிய உங்களுக்குத் தெரியும். இதே வரிசையில நாலாவது கடையில இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. பதினெட்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடந்துதான் வருவோம். வீட்டுலேர்ந்து இங்க இருபத்தஞ்சு நிமிஷம். வழி பூரா நான் பேசுவேன், அவ கேப்பா. அதாவது, கேக்குற மாதிரியே நடப்பா. கடை வாசல்ல நிப்போம். என் சட்டைக் காலர்ல யார் யார் தலை முடியோ ஒட்டியிருக்கும். அதத் தட்டி விடுவா. "சரி, போங்க"ன்னுவா. அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் என் கத்திரியே ஓடும்.

போன மாசம் ஒரு நாள் அவ வீட்டுக்கு வந்தா, மூஞ்சில பல்பு எரியுது.

"என்னங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குதே பேக்கரி, அங்க மேற்பார்வைக்குக் கூப்பிடுறாங்க. எட்டு பேரு என் சொல்லக் கேப்பாங்களாம்."

"வீட்டுல ஒருத்தன் கேக்குறது பத்தாதா?"

"அது பழகிப்போச்சு. ஒண்ணாந்தேதி காலையில ஆறரைக்கு அங்க நிக்கணும். அன்னிக்கு வரலேன்னா வேற ஆள் போட்டுருவாங்களாம்."

"ஆறரைக்கு ஏது பஸ்?"

"பஸ் எதுக்கு? சைக்கிள் வாங்கப் போறேன்."

அவ சைக்கிள்ல சர்ருனு போயிட்டா எட்டு மணிக்கு நான் யாரு கூட நடக்கிறது? லைட்டுக் கம்பத்துகிட்டயா பேசுறது? ஆனா அந்த மூஞ்சியப் பாத்துட்டு "போகாத"ன்னு சொல்ற ஆம்பளை நான் இல்ல. "போகாத"ன்னு சொல்லாமலேயே போகவிடாம பண்ற ஆம்பளை நான்.

"ஓட்டத் தெரியாம சைக்கிள் வாங்குறியே?"ன்னேன்.

"வாங்கினா எல்லாம் வந்துடும்ங்க"ன்னா.

கடைக்குப் போனோம். சிவப்பு சைக்கிள் ஒண்ணு எடுத்தா. பில்லு போடுற நேரத்துல விற்பனைக்கார தம்பி வந்தான் பாருங்க, கழுத்துல டை, வாயில தேன். அவன் குரல்லயே சொல்றேன் கேளுங்க.

"சார்ர்ர், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம் சும்மா வருது. இன்னும் மூணு வருஷத்துக்கு நீட்டிக்கலாம் சார். யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா சார்?"

என் வீட்டுக்காரி மெல்லச் சொன்னா: "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

நான் குறுக்க புகுந்தேன். "இரும்மா, விசாரிப்போம். தம்பி, டியூப் பஞ்சர் ஆனா?"

"அது தேயுற ஐட்டம் சார். வராது."

"செயின்?"

"தேயுற ஐட்டம் சார்."

"பிரேக் கட்டை? சீட்டு? பெடல்?"

"தேயுறது, கிழியுறது, உருளுறது எதுவும் வராது சார்."

"துரு புடிச்சா?"

"துரு இயற்கை சார். இயற்கைக்கு கம்பெனி பொறுப்பில்ல."

"அப்ப எதுக்குத்தான்யா வாரண்டி?"

"ஃப்ரேம் சார்! ஃப்ரேம் ரெண்டா ஒடஞ்சா, புது ஃப்ரேம்!"

"எத்தனை வண்டி அப்படி ஒடஞ்சிருக்கு?"

அவன் நெஞ்ச நிமித்துனான். "இதுவரைக்கும் ஒண்ணு கூட இல்ல சார். அவ்ளோ தரம்!"

லாரிக்காரண்ணே, சிரிக்கிறதுன்னா வெளிய போய் சிரிங்க. கத்தி நழுவுனா என் மாமனார் மீசைக்குத்தான் வாரண்டி இல்ல.

என் வீட்டுக்காரி கைப்பைய மூடிட்டா. "ஒடையாத சைக்கிளுக்கு எதுக்குங்க வாரண்டி? வாங்க போலாம்." அந்தத் தம்பி விடல. ஒரு பேப்பர நீட்டுனான். "வீட்டுல வச்சு யோசிங்க மேடம். பதினஞ்சு நாள் டைம் இருக்கு. மாசக் கடைசி வரைக்கும்."

பதினஞ்சு நாள்! மாசக் கடைசி! பேக்கரி ஒண்ணாந்தேதி! என் மண்டைக்குள்ள ஒரு மணி அடிச்சுது. அந்தப் பேப்பர நான் வாங்கிச் சட்டைப் பையில வச்சேன். கடன் பத்திரம் கூட அவ்வளவு பத்திரமா வச்சதில்ல.

வீடு வரைக்கும் சைக்கிளத் தள்ளிக்கிட்டே வந்தோம். கூடத்துல நிறுத்தினேன். சுத்தியிருந்த பிளாஸ்டிக் உறைய பிரிக்கவிடல. கட்டளை போட்டேன்.

"வாரண்டி எடுக்கிறதா வேணாமான்னு முடிவாகிற வரைக்கும் சைக்கிள் வாசப்படி தாண்டக் கூடாது. ஏன்னா, பாதி ஓட்டினப்புறம் வாரண்டி கேட்டா குடுக்க மாட்டான்."

"அப்படியாங்க?"

"அப்படித்தான். இது பெரிய விஷயம். ஆற அமர யோசிக்கணும்."

என் திட்டம் புரியுதுல்ல? யோசிச்சுக்கிட்டே இருக்கிறது. மாசக் கடைசி தாண்டிடும். "ஐயையோ, தேதி போச்சே, வாரண்டி இல்லாத வண்டியில என் பொண்டாட்டிய ஏத்துவனா?"ன்னு ஒரு அழுகை. சைக்கிளத் திருப்பிக் குடுத்துடலாம். பேக்கரிக்கு வேற ஆள் வந்துடும். இருபத்தஞ்சு நிமிஷம் என்னோடதாவே இருக்கும்.

யோசிச்சேன். அப்படி யோசிச்சேன்! எதிர்வீட்டு நர்ஸம்மாவக் கேட்டேன். "சைக்கிள் எதுக்கு? முழங்காலுக்கு வாரண்டி தர்றானான்னு கேளுங்க"ன்னுச்சு அந்தம்மா. மூணு நாள் அதையே பேசி ஓட்டினேன். அப்புறம் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு என் விரலே தேயுற ஐட்டம் ஆகிப்போச்சு. கடைசியில ஒரு பொண்ணு வந்துச்சு, குரல் ஐஸ்க்ரீம் மாதிரி.

"வணக்கம் சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஏம்மா, ஓட்டுறவங்க விழுந்துட்டா?"

"சைக்கிளுக்கு மட்டும்தான் சார்."

"சாயங்காலம் வர நேரமாயிட்டா?"

"புரியல சார்."

"இல்லம்மா... காலையில போனவ சாயங்காலம் பத்திரமா வீட்டுக்கு வந்துருவாளா? அதுக்கு ஏதாவது கேரண்டி...?"

அந்தப் பொண்ணு ஐஸ்க்ரீம் குரல விட்டுட்டு சாதாரணமாச் சொல்லுச்சு. "அங்கிள், அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஸ்கீம் இல்ல. அக்கா நல்லா ஓட்டுவாங்க. பயப்படாதீங்க."

போன வச்சுட்டுத் திரும்பினா, அடுப்படி வாசல்ல அவ நிக்கிறா. கேட்டாளா கேக்கலையான்னு தெரியல. "சாப்பிட வாங்க"ன்னா. அவ்வளவுதான்.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டப்ப கேப்பா. "முடிவு பண்ணிட்டீங்களா?" "யோசிச்சுக்கிட்டே இருக்கேன்." "சரி." ஒரு சண்டை இல்ல, ஒரு முணுமுணுப்பு இல்ல. அதுலயே நான் உஷாராயிருக்கணும். பொம்பளை சண்டை போடலேன்னா, சண்டை முடிஞ்சு போச்சு, ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம். மாமா, வயிறு ஏன் குலுங்குது? ஆடாதீங்க, இந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு.

மாசக் கடைசி நாள் வந்துச்சு. செவ்வாக்கிழமை. சலூனுக்கு லீவு, அவளும் அன்னிக்கு இஸ்திரிக்குப் போகல. மத்தியானம் மூணு மணி. இன்னும் மூணு மணி நேரம் தாண்டிட்டா அவன் ஷோரூம மூடிடுவான். நான் பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்து யோசிக்கிறேன். அவ வந்து எதுக்கால உட்கார்ந்தா.

"என்னங்க, அந்தப் பேப்பர எத்தனை தடவை படிச்சீங்க?"

"பதினோரு தடவை."

"பின்பக்கம்?"

"பின்பக்கமா?"

அவ திருப்பினா. பொடி எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. விரல வச்சுப் படிச்சா. "ஓட்டுபவரைத் தவிர இரண்டாவது ஆளை ஏற்றினால் இந்த வாரண்டி செல்லாது."

"சரி, அதுக்கென்ன?"

"அதனாலயும்தான் வாரண்டி வேணாங்கிறேன்."

"நீ யாரை ஏத்தப் போற?"

"கொஞ்சம் வெயிட்டான ஆளு. வாய் மட்டுமே பத்து கிலோ இருக்கும்."

எழுந்து போனா. கட்டிலுக்கு அடியிலேர்ந்து ஒரு மூட்டைய இழுத்தா. உள்ள ஒரு கேரியர். நல்ல தடி இரும்பு. அது மேல கட்டுறதுக்கு ஒரு மெத்தை, அவளே தைச்சது. துணி எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு பாத்தா, என் பழைய நீலச் சட்டை.

"பேக்கரிக்குப் போற வழியிலதான உங்க கடை? இறக்கி விட்டுட்டுப் போறேன்"ன்னா. "காலையில கூட ஆள் இல்லாம போயிடும்னுதான இத்தனை நாளா யோசிச்சீங்க? அத வாயத் தொறந்து சொல்லியிருந்தா முதல் நாளே கேரியர் வாங்கியிருப்பேன்ல?"

மெத்தையத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு. தலைமுடியாத்தான் இருக்கும், நம்ம தொழில் அப்படி.

ஆனா நான் விடுவனா? கடைசி அஸ்திரம் ஒண்ணு இருந்துச்சே!

"எல்லாம் சரி. விடிஞ்சா வேலை. உனக்குத்தான் ஓட்டவே தெரியாதே?"

"நீங்க கத்துக் குடுங்க"ன்னா.

தபால்காரரே, இந்த இடத்துல நல்லாக் கேட்டுக்குங்க. அன்னிக்குச் சாயங்காலம், எங்க சந்துல, அரை மணி நேரம். நானே கத்துக் குடுத்தேன்! மாமா கூட வாசப்படியில உட்கார்ந்து பாத்துக்கிட்டுதான் இருந்தாரு, சாட்சி. ஒரே இருமல் அன்னிக்கு அவருக்கு.

"எந்தக் கால முதல்ல வைக்கணும்ங்க?"ன்னு கேட்டா. பாவம், ஒண்ணும் தெரியாது. "இடது கால்"னேன். "எங்க பாக்கணும்?" "நேரா பாரு. கீழ பாத்தா கீழதான் போவ." சீட்டப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன். பத்தடி ஆடினா, இருபதடி நெளிஞ்சா. நான் கைய விட்டேன். அவ்வளவுதான்! நேரா சந்து முனை வரைக்கும் போனா. ஒரு வட்டம் போட்டுத் திரும்பினா. ஒரு கையால முன்னாடி விழுந்த முடிய ஒதுக்கினா, மறு கையால மணி அடிச்சா, என் கால் கட்டை விரலுக்கு ஒரு அங்குலம் முன்னாடி பிரேக் போட்டு நிறுத்தினா. குரு எப்படியோ, சிஷ்யை அப்படி!

மறுநாள்லேர்ந்து இதான் கதை. விடியக்காலையில ரெண்டு பேரும் கிளம்புவோம். நான் மெத்தையில ஒரு பக்கமா உட்கார்ந்துக்குவேன், மடியில சாப்பாட்டுப் பை. "பள்ளம் வருது, புடிச்சுக்குங்க"ன்னுவா. இடுப்பப் புடிச்சா, "தெருவுல இருக்கோம்"ன்னுவா. சீட்டப் புடிச்சா, "விழுந்துடுவீங்க, ஒழுங்கா புடிங்க"ன்னுவா. வழி பூரா நான் பேசுவேன், அவ கேக்குற மாதிரியே மிதிப்பா. கடை வாசல்ல நிறுத்தி, ஒரு கால ஊனி, காலரத் தட்டி விடுவா. "சரி, போங்க." அப்ப மணி ஆறு. ஷட்டர தூக்காம ரெண்டு மணி நேரம் வாசல்ல நின்னு காக்காயா ஓட்டுறது? அதான் திறந்துட்டேன்.

என்ன தபால்காரரே? ஏன் கைய தூக்குறீங்க, இதென்ன பள்ளிக்கூடமா?

"இல்லண்ணே... நீங்கதான் குருவாச்சே. நீங்க முன்னாடி ஓட்டி, அக்காவப் பின்னாடி உட்கார வைக்கலாம்ல?"

அது... வந்து... நல்லா கேட்டீங்க. அதுல ஒரு விஷயம் இருக்கு. ஒரு குருவானவன் சிஷ்யை முன்னாடி ஓட்டிக் காட்டுனா அவளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்துடும். தவிர எனக்கு முழங்கால்ல... மாமா, ஏன் எழுந்திருக்கீங்க? இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்கு! துண்ட ஏன் எடுக்குறீங்க? அட, நுரையத் துடைக்காதீங்க மாமா!

"எம்பொண்ணு ஒம்பது வயசுலயே ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டுவா மாப்ள. கல்யாணம் ஆகி வந்த வாரம், உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சுதாம். அன்னிலேர்ந்துதான் நடக்குறா."