ஹேரம்ப் சாரின் மூன்று சொட்டுத் தீர்த்தம்

புனேயிலேயே மெத்தப் படித்தவர்கள் கூடும் கோவில் எங்கள் ஆய்வுக்கூடம்தான். மூலவர், எங்கள் மூத்த உதவியாளர் ஹேரம்ப் கானோல்கர். பக்தர்கள், முனைவர் பட்டம் வாங்கிய நாங்கள். தலைமைப் பக்தன், கூடத்தின் தலைவனாகிய நான்.

எங்கள் பிழைப்பு, திசுக்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது. அதைச் சிதைத்துத் தள்ளும் நொதி எங்கும் நிறைந்திருக்கிறது. வியர்வையில், எச்சிலில், விரல் நுனியில். உயிரணு கெட்டிக்காரி. அந்த நொதியை ஒரு தடுப்புப் புரதத்தால் இறுக்கிப் பிடித்து, வேண்டும்போது மட்டும் அவிழ்த்து விடுகிறது. எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. காலையில் பிரித்த ஆர்.என்.ஏ. மாலையில் கூழாகிவிடும்.

ஹேரம்ப் சார் கை பட்டால் மட்டும் கெடாது! பிள்ளையாருக்குரிய சங்கஷ்டி சதுர்த்தியன்று வரிசை படிக்கட்டு வரை நீளும். ஒவ்வொரு குழாயிலும் மூன்று சொட்டுத் தீர்த்தம் விட்டு, கண்ணை மூடி முணுமுணுப்பார்.

"தண்ணி வெறும் தண்ணிதான்யா. சக்தி மந்திரத்துல இருக்கு."

காணிக்கை, எங்கள் கட்டுரையில் அவர் பெயர். ஒப்பீட்டுச் சோதனை இல்லையென்று ஊரார் கட்டுரைகளைத் திருப்பியனுப்பும் நான், இவரிடம் மட்டும் வாயைத் திறந்ததில்லை.

என் மாணவி கேதகி, கர்ப்பகால ரத்தக் கொதிப்பால் தவித்த தாய்மாரின் நஞ்சுக்கொடியில் அதே தடுப்புப் புரதம் குறைகிறதா என்று ஆராய்ந்தாள். கெஞ்சி வாங்கிய திசு ஒரு தடவைக்குத்தான் போதும். கெட்டால் அவள் பட்டமும் போச்சு.

"கட்டுரையில முதல் பேரு என்னோடது. உன்னோடது அடுத்து" என்று தீர்த்தத்துக்கு விலை சொன்னார் ஹேரம்ப்.

"கொடுத்துடும்மா" என்றேன், மானம் கெட்டவன்.

"கொடுக்கறேன் சார். அதுக்கு முன்னாடி எலி ஈரல் ஆர்.என்.ஏ.ல ஒரு தடவை பார்த்துடலாமே?"

எல்லோர் முன்னாலும் மூன்று குழாய்கள் வைத்தாள்.

"தண்ணி வெறும் தண்ணின்னீங்களே, பாட்டில் என்கிட்ட இருக்கட்டும். இந்தக் குழாய்க்கு மந்திரம் மட்டும் சொல்லுங்க சார்."

ஹேரம்புக்கு வியர்த்தது. முணுமுணுத்தார். இரண்டாவதில் தீர்த்தம் மட்டும் விட்டாள். மூன்றாவதில் ஒன்றுமில்லை. பிறகு கையுறையைக் கழற்றி, மூன்றிலும் விரலை நனைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, எது கெட்டதென்று பார்க்க மூன்றையும் ஜெல்லில் ஓட்டினாள்.

மந்திரக் குழாயில் சிதைந்த ஆர்.என்.ஏ.வின் வெறும் தீற்றல். ஒன்றும் விடாத குழாயும் அப்படியே. மந்திரமே கேட்காத தீர்த்தக் குழாயில் கெடாத ஆர்.என்.ஏ.வின் இரண்டு பட்டைகள் பளிச்சென்று நின்றன.

"பாட்டில்ல என்ன சார்?"

"தடுப்புப் புரதம்தான். பொது ஃப்ரீசர்ல இருந்து எடுத்தேன்."

அதை மாதாமாதம் வாங்கக் கையெழுத்துப் போட்டவன் நான். எங்கே போகிறதென்று கேட்காத மேதையும் நானே.

"ஏன்யா மறைச்சீங்க?" என்று சீறினேன்.

"யாரும் கேக்கலையே சார்!"



கேதகி அதே புரதத்தைத் தானே சேர்த்துத் திசுவைப் பிரித்தாள். பட்டைகள் தெளிவாக வந்தன. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. ஹேரம்ப் பெயர் இல்லவே இல்லை.

கதை முடிந்ததென்று நினைக்காதீர்கள். கட்டுரை வெளியான மறுநாள் காலை அவள் மேசை முன் நீண்ட வரிசை. முதல் ஆள் யார்? சந்தேகமென்ன, நான்தான்.

"இந்தக் குழாயை ஒரு தடவை தொட்டுக் கொடேன் கேதகி. உன் கை ராசியான கைம்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் கையில ராசி இல்ல சார், உங்க ஆர்.என்.ஏ.வைத் தின்னுற நொதிதான் இருக்கு. போய்க் கையுறை மாட்டிக்கிட்டு வாங்க. வரும்போது மூளையையும் கூட்டிட்டு வாங்க!"