மூன்று வாளி நிக்கலின் குணம்

பங்குகளோடு மாரடிக்கிறவர்கள் ஆஸ்திரேலியச் சுரங்க ஊரான கால்கூர்லியில் வீதிக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் கிளைவ் ஆட்லாமைப் போல ஒரே ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மாரடித்தவர் வேறு யாருமில்லை. அந்தப் பங்கின் பெயர் மூன்று வாளி நிக்கல். சுரங்கம் இன்னும் தோண்டவில்லை. வாளிகளாவது இருந்தனவா என்பதும் சந்தேகம்தான்.

"மனுஷனுக்கு இருக்கிற மாதிரி ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குணம் இருக்கு, மெரல். அதைக் கணக்கெடுத்துட்டா, அப்புறம் அது நம்ம வீட்டு நாய் மாதிரி," என்று ஒருநாள் மனைவியிடம் அடித்துச் சொன்னார்.

"நம்ம வீட்டு நாய் உன் பேச்சை எப்பக் கேட்டுச்சு?" என்றாள் மெரல்.

எஸ்பெரன்ஸ் கடலோரத்தில் ஒரு சின்ன வீடு வாங்கித் தருவதாகக் கல்யாணத்தன்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புழுதியும் வெயிலுமாக இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டுக்கென்று சேர்த்ததை முழுக்க எடுத்து வாளிக்குள் போட்டார். அவளிடம் மூச்சு விடவில்லை.

தினம் தினம் விலையைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாகக் குறித்தார். தாளோடு தாள் ஒட்டி, சாப்பாட்டு மேஜையைத் தாண்டித் தரைக்கு வந்தது. கடைசியில் குணம் பிடிபட்டது: மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால், பத்துக்கு ஏழு தடவை அந்த வாரத்துக்குள் ஏறிவிடும்.

கணக்கில் பிழையில்லை. ஆள்தான் பிழை. மூன்றாம் நாள் வாங்குவார். நான்காம் நாளும் இறங்கினால் தன் கணக்கையே நம்பமாட்டார். தரகர் பாஸ்கோவைக் கூப்பிட்டு, கிடைத்த விலைக்கு விற்றுவிடுவார். ஐந்தாம் நாள் ஏறும். மனசு ஆறாமல் உச்சி விலையில் மறுபடி வாங்குவார்.

"நீங்க விக்கிறப்ப யாரோ வாங்குறாங்க, கிளைவ். நீங்க வாங்குறப்ப அவங்களே விக்கிறாங்க," என்றார் பாஸ்கோ.

"எவனோ ஏமாளி!" என்று கிளைவ் சிரித்தார்.

கடலோர வீட்டுப் பணம் ஜன்னல் ஜன்னலாகக் கரைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், இனி மறைக்க முடியாதென்று வாயைத் திறந்தார்.

"மெரல்... எஸ்பெரன்ஸ் வீடு..."

"அடுத்த மாசம் சாவி தர்றாங்க."

"எந்தச் சாவி?"

"நம்ம வீட்டுச் சாவிதான். ரெண்டு ரூம். பின்னாடி ஒரு எலுமிச்சை மரம்."

"பணம் ஏது?"

"தையல் காசுல ஆரம்பிச்சேன். நீ வித்த வாளியை வாங்கினேன். நீ வாங்க வந்தப்ப வித்தேன்."

கிளைவ் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் விக்கப் போறது உனக்கு எப்படித் தெரியும்?"

"விக்கிற அன்னிக்கு ரொட்டியில வெஜிமைட்டை ரெண்டு தடவை தடவுவே. வாங்குற அன்னிக்கு விடியும்போதே சவரம் பண்ணிக்குவே. நீ நிக்கலை ரெண்டு வருஷம் பார்த்தே. நான் உன்னை இருபத்தாறு வருஷமாப் பார்க்கிறேன்."

"அப்போ நீ அடிக்கடி போன்ல பேசினது பாஸ்கோகிட்டயா? உங்க அக்காகிட்டன்னுல்ல நினைச்சேன்!"

"அக்கா என்கூடப் பேசி மூணு வருஷமாச்சு, கிளைவ்."

அவருக்கு அது தெரியாது. அவள் போனில் பேசும்போதெல்லாம் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நிக்கல் எந்தக் கிழமை சுணங்கும் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். பணம் போனதை அவர் ஒரு குளிர்காலத்துக்குள் மறந்துவிட்டார். இதை மறக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"சொல்லியிருந்தா நீ திருந்தியிருப்பே," என்றாள் மெரல், அவர் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தபடி. "அப்புறம் நான் எதை நம்பி வாங்குறது?"